ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கப்பல்

சில வருஷம் முன்னால் ஒரு ப்ராஜெக்ட்டுக்காக ஒசாகாவில் எட்டு மாசம் இருந்தேன். அங்கே ஆபீஸில் எல்லோரும் குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் பிடித்துக் குடிப்பார்கள். முதல் வாரம் நான் கையில் டம்ளரோடு தயங்கி நிற்பதைப் பார்த்த சக ஊழியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பயப்படாம குடிங்க, அது எங்க ஊர்த் தண்ணிதான்" என்றார். அவர் ஊர் ஷிகா மாகாணம். அங்கே இருக்கும் பிவா ஏரியிலிருந்து வழிந்து வரும் ஆறுதான் ஒசாகாவுக்குக் குடிநீர்.

பேச்சு அப்படியே வளர்ந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அந்த ஏரியில் கப்பலில் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறாராம். ஏதோ வசதியான தனியார் பள்ளி போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லையாம். "ஷிகாவில எல்லாருமே போவோம். அஞ்சாங்கிளாஸ்னா கப்பல்தான்" என்றார், நாம் பத்தாம் வகுப்பு என்றால் பப்ளிக் எக்ஸாம் என்று சொல்வது மாதிரி.

அந்த "எல்லாருமே" எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் உண்டு. அதே வருஷம் சென்னையில் ஐந்தாம் வகுப்பில் இருந்த என் மகளின் பள்ளியில் ஃபீல்ட் ட்ரிப் என்று சொல்லி ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வாங்கி ஒரு வாட்டர் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அதுவும் தண்ணீர் சம்பந்தப்பட்டதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாகாணம் மொத்தமும் தன் பிள்ளைகளை வருஷா வருஷம் ஏரிக்குள் கூட்டிப் போக வேண்டும் என்று யார், எப்போது, ஏன் முடிவெடுத்தார்கள்? அதைத் தேடிப் படித்து எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் ஏரி. பிவா ஜப்பானின் மிகப் பெரிய ஏரி. பரப்பு சுமார் 670 சதுர கிலோமீட்டர், ஷிகா மாகாணத்தின் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆழமான இடத்தில் 100 மீட்டருக்குச் சற்று மேல். உலகில் மிகப் பழைய ஏரிகளில் ஒன்று, அங்கே மட்டுமே வாழும் உயிரினங்கள் அறுபதுக்கும் அதிகம். சுற்றியுள்ள மலைகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆறுகள் உள்ளே வருகின்றன. இயற்கையாக வெளியே போவது செட்டா என்ற ஒரே ஆறுதான். அது போக கியோட்டோவுக்கு 1890-ல் வெட்டி முடித்த கால்வாய் ஒன்று. (அதைக் கட்டிய தனாபே சாகுரோ, தன் இன்ஜினியரிங் படிப்பின் இறுதி ஆய்வாகவே இந்தக் கால்வாய்த் திட்டத்தை எழுதியவர். நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுகளை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.) ஷிகா, கியோட்டோ, ஒசாகா, கோபே எல்லாம் சேர்த்து இன்று 1 கோடியே 40 லட்சம் பேர் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறார்கள்.

மேப்பில் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஷிகாவின் எல்லைக்கோடு பெரும்பாலும் மலை முகட்டிலேயே போகிறது. அந்த மாகாணத்தில் விழும் மழையில் கிட்டத்தட்ட எல்லாமே கடைசியில் ஏரிக்குத்தான் வரும். ஆட்சி எல்லையும் நீர்ப்பிடிப்பு எல்லையும் ஒன்றாக இருப்பது ரொம்ப அபூர்வம். ஷிகாவில் ஒரு வீட்டுச் சமையலறையில் கொட்டியது ஷிகாவின் ஏரியில்தான் சேரும். பழியைப் போட மேலே வேறு மாநிலம் கிடையாது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

ஜப்பானியப் பள்ளிச் சுற்றுலாவின் தொடக்கம் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. 1886 பிப்ரவரியில் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் துப்பாக்கியும் தோளுமாக சிபா கடற்கரையிலுள்ள சோஷி வரை போய் வந்தார்கள். மொத்தம் 11 நாள். ராணுவப் பயிற்சி பாதி, போகிற வழியில் செடி கொடி, நிலம், கடல் எல்லாவற்றையும் கவனித்துக் குறிப்பெடுப்பது பாதி. அதற்கு வைத்த பெயர் "நெடுந்தூர நடை". பின்னால் பரவிய பள்ளிச் சுற்றுலாக்களுக்கு இதைத்தான் முன்னோடி என்கிறார்கள். போர் முடிந்த பிறகு, 1947-ல், சமூகவியல் என்ற புதுப் பாடம் வந்தது. துப்பாக்கி போய் நோட்டுப் புத்தகம் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம், குப்பை எரிக்கும் ஆலை, தீயணைப்பு நிலையம் என்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போய்க் காட்டும் வழக்கம் வேரூன்றியது. இன்றும் நாலாம் வகுப்புப் பாடத்தில் "நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது" என்பது ஒரு பெரிய பகுதி.

அறுபதுகளில் இன்னொரு வகைப் பாடம் சேர்ந்தது. மினமாட்டாவில் பாதரசம், யொக்கைச்சியில் புகை. ஆலைகளால் மக்கள் நோயுற்று, வழக்குப் போட்ட காலம். மாசு பற்றிய பாடத்தைச் சில இடங்களில் ஆசிரியர்களே முன்கை எடுத்து வகுப்புக்குள் கொண்டு வந்தார்கள். 1970-ல் நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசு தொடர்பான 14 சட்டங்களை நிறைவேற்றியது. அந்தப் பாடத்தில் குற்றவாளி யார் என்பதில் சந்தேகம் இல்லை. புகைபோக்கியைக் கை நீட்டிக் காட்டலாம்.

பிவாவில் நடந்தது வேறு.

1977 மே மாதக் கடைசியில் ஏரித் தண்ணீர் பழுப்புச் சிவப்பாக மாறியது. யூரோக்ளீனா என்ற நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகியதால் வந்த நிறம். மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை. கீழே கியோட்டோ, ஒசாகா வரை குழாய்த் தண்ணீரில் அந்த வாடை தெரிந்தது. ஏரியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதுதான் காரணம். பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது? ஆலைகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் வந்தது. கூடவே ஒவ்வொரு வீட்டு வாஷிங் மெஷினிலிருந்தும் வந்தது. அந்தக் காலச் சலவைத்தூளில் பாஸ்பேட் தாராளமாக இருக்கும்.

ஷிகா பெண்கள் சிலர் அதற்கு முன்பே சலவைத்தூளால் கையில் புண், குழந்தைக்குத் தோல் அரிப்பு என்று சொல்லி, பழைய சோப்புத்தூளுக்குத் திரும்பியிருந்தார்கள். செந்நீர் வந்த பிறகு அது மாகாணம் தழுவிய இயக்கமானது. வீடு வீடாகப் பேசினார்கள், சமைத்து மிஞ்சிய எண்ணெயைச் சேகரித்து சோப்புக் காய்ச்சினார்கள். தகேமுரா மசயோஷி அப்போது ஆளுநர் (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம்ம ஊர் ஆளுநர் மாதிரி இல்லை). சலவைத்தூள் கம்பெனிகள் கடுமையாக எதிர்த்தும், 1979 அக்டோபரில் மாகாணம் ஒரு சட்டம் போட்டது. பாஸ்பரஸ் உள்ள வீட்டுச் சலவைத்தூளை ஷிகாவில் பயன்படுத்தக் கூடாது, விற்கக் கூடாது, பரிசாகவும் கொடுக்கக் கூடாது. ஜப்பானில் கோடைக்கும் வருஷக் கடைசிக்கும் பரிசு அனுப்பும் வழக்கம் உண்டு, அதில் சலவைத்தூள் பெட்டி ரொம்பப் பிரபலம். அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள்! சட்டம் 1980 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜூலை 1 இன்றும் அங்கே பிவா ஏரி நாள்.

கதை இங்கே சுபமாக முடிந்திருந்தால் கப்பலே வந்திருக்காது என்பது என் ஊகம். சோப்புத்தூள் பயன்படுத்தும் வீடுகள் உச்சத்தில் சுமார் 70 சதவீதம் வரை போயின. ஆனால் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை, பாஸ்பரஸ் இல்லாத செயற்கைச் சலவைத்தூளைக் கொண்டு வந்துவிட்டன. சட்டப்படி தப்பே இல்லை. விலை குறைவு, துணியில் படிவதும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வீடுகள் அதற்கு மாறின. சட்டம் ஜெயித்தது, இயக்கம் தேய்ந்தது.

1983-ல் "உமினோகோ" கிளம்பியது. மாகாண அரசே கட்டிய பள்ளிக்கப்பல். பெயருக்கு "கடலின் பிள்ளை" என்று பொருள். ஷிகா மக்கள் பேச்சில் ஏரியே "உமி", அதாவது கடல். ஷிகாவின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டு பகல், ஒரு ராத்திரி. ஒரே தடவையில் பல பள்ளிகளைச் சேர்த்து ஏற்றி, பிள்ளைகளைக் கலந்து குழு பிரிப்பார்கள். மலையடிவாரக் கிராமத்துப் பிள்ளையும் கரையோர நகரத்துப் பிள்ளையும் ஒரே அறையில் படுக்க வேண்டியிருக்கும். முதல் கப்பல் 2018 வரை 35 வருஷம் ஓடியது. அதில் போன பிள்ளைகள் 5 லட்சத்துக்கும் மேல். 2018-லிருந்து அதே பெயரில் புதுக் கப்பல்.

கப்பலில் என்ன செய்வார்கள் என்று நண்பரைக் கேட்டேன். முதலில் அவருக்கு நினைவுக்கு வந்தது கறி சோறு. இரண்டாவது, பக்கத்துப் படுக்கைப் பையனின் குறட்டை. மூன்றாவதாகத்தான் தட்டு.

அந்தத் தட்டு எனக்குப் பிடித்த விஷயம். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அந்த இடத்தின் தெளிவு. ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட, 1865-ல் போப்பின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் இதைச் சோதித்துப் பார்த்தார். 150 வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் ஏரி ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் இறக்குகிறார்கள். பேட்டரி வேண்டாம், சாஃப்ட்வேர் அப்டேட் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை எடுக்கும் அளவும் விஞ்ஞானி எடுக்கும் அளவும் ஒரே அலகில் இருக்கும். ஏரியின் தெற்குப் பாகம் ஆழம் குறைவு, நகரங்களை ஒட்டியது, கலங்கல். வடக்குப் பாகம் ஆழம், தெளிவு. கப்பல் போகப் போகக் கயிறு நீண்டுகொண்டே போகும். அப்புறம் வலையில் அரித்த தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். பெரியவர்களைப் பயமுறுத்திய செந்நீரும் இந்த மாதிரிக் குட்டி உயிர்களின் வேலைதான்.

மாசுப் பாடத்திலிருந்து இது விலகிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிவாவில் கை நீட்டிக் காட்டப் புகைபோக்கி மட்டும் இல்லை, அம்மாவின் வாஷிங் மெஷினும் இருந்தது. அதைக் காட்டி பத்து வயதுப் பிள்ளையிடம் "உங்க வீடுதான் குற்றவாளி" என்று சொல்லிவிட முடியுமா? அதனால் அளக்கச் சொன்னார்கள்.

ஆனால் இதே வருஷங்களில் கரையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1972-ல் தொடங்கி 1997 வரை பிவா ஏரி ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று. கீழ்ப்பகுதி நகரங்களுக்குக் கூடுதல் தண்ணீர், வெள்ளத் தடுப்பு, கழிவுநீர்க் குழாய்கள். கழிவுநீர் வசதி ஷிகாவில் இன்று 90 சதவீதத்துக்கு மேல் வந்தது இந்தத் திட்டத்தின் புண்ணியம், அதை மறுக்கக் கூடாது. கூடவே கரையோரம் நெடுக அணையும் அதன் மேல் சாலையும் வந்தன. நாணல் படுகைகள் அழிந்தன. மீன்கள் முட்டையிடும் ஓரத்துச் சிற்றேரிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே, போர்க்காலத்திலும் அதற்குப் பின்பும், நெல் வயலுக்காகத் தூர்க்கப்பட்டிருந்தன. அவற்றில் ஆகப் பெரியதான டைனகா-நோ-கோ இன்று வயல்காடு.

கடா யுகிகோ என்ற சூழலியல் சமூகவியலாளர் எழுபதுகளின் இறுதியிலிருந்து ஏரிக்கரைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பேசியவர், பின்னாளில் ஷிகாவின் ஆளுநராக (2006–2014) இருந்தவர். அவர் சொன்ன ஒரு சொல்ஜோடி இருக்கிறது: கிட்டத்துத் தண்ணீர், தூரத்துத் தண்ணீர். 1950-கள் வரை பல கிராமங்களில் ஓடையிலும் ஏரியிலும் மொண்டுதான் குடித்தார்கள். அதனால் குழந்தையின் மூத்திரத் துணியை அதில் அலச மாட்டார்கள். தனித் தொட்டியில் அலசி, அந்தத் தண்ணீரைக் காட்டில் ஊற்றுவார்கள். மலம் வயலுக்கு உரம். எந்தச் சட்டமும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் குடிப்பார் என்ற ஒரே நினைப்புதான். குழாய் வந்தது. தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, எங்கோ போகிறது. ஏரி அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் தூரமாகிவிட்டது.

எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. எங்கள் அப்பத்தா ஊர் சிவகங்கைப் பக்கம். ஊருணிக்குள் காலை நனைத்தால் முதுகில் அடி விழும், அடிப்பவர் சொந்தக்காரராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. குடத்தை எப்படிச் சாய்த்து மொள்ள வேண்டும் என்பது எனக்கு ஏழு வயதில் தெரியும். யாரும் ஃபீல்ட் ட்ரிப் கூட்டிப் போகவில்லை.

அந்தப் பழைய முறை ஷிகாவில் முழுசாகச் சாகவில்லை. ஏரியின் மேற்குப் பக்கம் ஹாரியே என்ற சிற்றூரில் இன்றும் பல வீடுகளுக்குள்ளேயே ஊற்று நீர்த் தொட்டிகள் உண்டு. "கபட்டா" என்பார்கள். ஊற்றெடுக்கும் தொட்டியில் குடிக்கவும் காய்கறி கழுவவும் எடுத்தது போக, வழிந்து அடுத்த தொட்டிக்குப் போகும். அதில் கெண்டை மீன்கள். சாப்பிட்ட தட்டை அதில் அமிழ்த்தினால் ஒட்டிய சோற்றுப் பருக்கையை அவை தின்றுவிடும். அந்தத் தண்ணீர் வெளியே ஓடைக்குப் போய், அடுத்த வீடு, அதற்கடுத்து ஏரி. அங்கே பள்ளிப் பிள்ளைகளும் வெளியூர்க்காரர்களும் வந்து சுற்றிப் பார்க்கிறார்கள். நேற்று வரை சமையல்கட்டாக இருந்தது இன்று கல்விச் சுற்றுலா இடம்.

ஷிகாவுக்கு அந்தக் காலப் பெயர் ஓமி. "அருகிலுள்ள நன்னீர்க் கடல்" என்ற பழைய சொற்றொடரின் சுருக்கம். தலைநகருக்கு அருகில் இருந்ததால் அப்படி. பக்கத்தில் இருப்பதையே பெயராக வைத்த ஊரில் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப் போக அரசு கப்பல் கட்ட வேண்டியிருந்தது என்பது கப்பலுக்குப் பெருமையா, ஊருக்குச் சிறுமையா? நான் இரண்டு பக்கமும் யோசித்திருக்கிறேன். கரையில் அணையும் கட்டி, பிள்ளைக்குக் கப்பலும் கொடுத்தது ஒரே அரசுதான் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

அப்புறம் அந்தத் தட்டு. 1994 கோடையில் கடும் வறட்சி, ஏரி மட்டம் 123 சென்டிமீட்டர் இறங்கியது. அடிவரை வெளிச்சம் போனதால் தெற்கு ஏரியில் நீர்ப்பாசி, கொடி வகைகள் மண்டின. படகு சிக்கும் அளவுக்கு. தண்ணீர் தெளிந்ததும் பிரச்சினையாகிவிட்டது! மீன்பிடிப்போ சரிந்துகொண்டே வந்தது. நாணல் போனதும், வெளிநாட்டு மீன்கள் பெருகியதும் காரணங்களில் சில. நீலச் செவுள் மீன் 1960-ல் சிகாகோ மேயர் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குக் கொடுத்த பரிசின் வழியாக ஜப்பானுக்கு வந்தது. அவரே பேரரசராக 2007-ல் ஷிகாவுக்கு வந்தபோது அதற்காக மனம் வருந்திப் பேசினார். 2019-லும் 2020-லும் அடுத்தடுத்து இன்னொன்று. குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழிறங்கி, அடி ஆழம் வரை ஆக்சிஜனைக் கொண்டு போகும். ஏரியின் ஆழ்ந்த மூச்சு என்பார்கள். அந்த இரண்டு வருஷமும் வடக்கு ஏரியின் ஆழப் பகுதியில் மூச்சு முழுசாகப் போய்ச் சேரவில்லை. குளிர் போதவில்லை. கண்காணிப்பு தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. 2021-ல் மறுபடி வந்தது.

செக்கி தட்டில் இது எதுவும் தெரியாது. எங்கள் தொழிலிலும் இது உண்டு. ஒரு கோளாறு வரும், அதற்கு ஒரு மீட்டர் வைப்போம், மீட்டர் பச்சையாகிவிடும், சிஸ்டம் வேறு பக்கம் சத்தமில்லாமல் உடைந்துகொண்டிருக்கும். ஷிகாக்காரர்கள் இதை உணராமல் இல்லை. பின்னாளில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போகும் "மலையின் பிள்ளை" திட்டத்தையும் சேர்த்தார்கள். முதலில் தண்ணீர் தொடங்கும் இடம், அடுத்த வருஷம் அது சேரும் இடம்.

நண்பரின் மகன் போன வருஷம் புதுக் கப்பலில் போய் வந்தான். மகன் என்ன சொன்னான் என்று மெசேஜில் கேட்டேன். "கறி சோறு நல்லா இருந்துச்சாம்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: அப்பா பையனாக இருந்தபோது தட்டு எவ்வளவு ஆழத்தில் மறைந்தது என்று மகன் கேட்டானாம், இவருக்கு ஞாபகம் இல்லையாம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் வருத்தப்பட்டார்.

நானும் மகளும் ஒரு பழைய எவர்சில்வர் தட்டுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மூன்று ஓட்டை போட்டு, நைலான் கயிறு கட்டி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பகுதி ஏரிக்குப் போனோம். நடைபாதை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, சுற்றிலும் ஆள் உயரக் கம்பிவேலி. தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒரு இடம் தேடி முக்கால் சுற்று நடந்தோம். கடைசியில் மதகுப் பக்கம் படி ஒன்று இருந்தது. அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர், "என்ன பாப்பா, தட்டைக் கழுவ வந்தியா?" என்றார். பத்து முடிச்சுப் போட்டிருந்தோம். மூன்றாவது முடிச்சு நனைவதற்குள் தட்டு மறைந்துவிட்டது. அவள் இரண்டு தடவை மறுபடி இறக்கிப் பார்த்துவிட்டு, நோட்டில் தேதி போட்டு, 28 செ.மீ. என்று எழுதினாள்.